கைராசியும் கைச்சுத்தமும்



நம் நாட்டிலே காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளிலே சாய்த்துக்கொண்டு புறப்படும் தாய் முதலில் நாடிச் செல்வது பெரிய வைத்தியசாலையை அன்று. சந்தியிலோ கடைத்தெருவின் ஓரத்திலோ, ஒரு வாங்கும் நாலைந்து கதிரைகளும் போடப்பட்டிருக்கும் அயல் வைத்தியரின் இடத்தையே அவள் நாடுகின்றாள். 'டிஸ்பென்சரி' என்று நாம் வழங்கும் அந்தச் சிறிய இடத்திலேதான் ஊரின் தலைவலியும் இருமலும் வயிற்றுவலியும் நாள்தோறும் வந்து முறையிடுகின்றன. பெரிய நோய்களும் முதன்முதலில் தலைகாட்டுவது அங்கேதான். ஆதலால், அந்த அறையிலே நடைபெறும் வைத்தியம் தரமானதா, அங்கே செல்லும் நோயாளருக்குக் காப்பு உண்டா என்னும் கேள்வி ஊர் மக்கள் அனைவரையும் பற்றிய கேள்வியாகும். அதனையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

ஒரு வைத்தியரை நல்லவர் என்று நாம் எவ்வாறு தீர்மானிக்கின்றோம்? "அவருக்குக் கைராசி உண்டு" என்கின்றோம். "அவரிடம் எப்போதும் கூட்டம்" என்கின்றோம். "ஓர் ஊசி போட்டார், காய்ச்சல் பறந்துவிட்டது" என்கின்றோம். இவை முற்றும் பொய்யல்ல. ஆயினும் இவற்றை அளவுகோலாகக் கொள்வதில் ஓர் இடர் உண்டு. சாதாரண வைரசுக் காய்ச்சல் பெரும்பாலும் சில நாள்களில் தானாகவே தணிந்துவிடும். முதல் நாளிலே ஒரு வைத்தியரிடமும் மூன்றாம் நாளிலே வேறொருவரிடமும் நாம் போவோமாயின், காய்ச்சல் இறங்கிய பெருமை பின்னவருக்கே போய்ச் சேரும். முன்னவர் மருந்து தெரியாதவர் ஆகிவிடுவார். உண்மையிலே குணப்படுத்தியது உடம்பின் இயல்பான வலிமையாகும். கைராசி என்று நாம் போற்றுவதிலே ஒரு பகுதி இத்தகைய தற்செயலே.

நோயாளரின் காப்போ தற்செயலைச் சார்ந்ததன்று. அது சில எளிய பழக்கங்களைச் சார்ந்தது. அவற்றுள் முதலாவது, கைகழுவுதல்.

1847ஆம் ஆண்டிலே ஒஸ்திரியாவின் வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையில் பிரசவ விடுதிகள் இரண்டு இருந்தன. ஒன்றிலே வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும், மற்றதிலே மருத்துவ மாதரும் பணிசெய்தனர். வைத்தியர் பணிசெய்த விடுதியிலேயே தாய்மார் மிகுதியாக இறந்தனர். அங்கே அனுப்ப வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மன்றாடினர் என்பர். காரணம் தேடித் தவித்த இளம் வைத்தியர் செம்மல்வைஸ், ஒரு துயரத்தின் வாயிலாகவே உண்மையைக் கண்டார். அவருடைய நண்பரான வைத்தியர் ஒருவர், பிணப்பரிசோதனையின்போது கத்திமுனையாற் காயமுற்று, பிரசவ விடுதித் தாய்மாரைக் கொன்ற அதே வகையான நோயினால் இறந்தார். பிணத்தைத் தொட்ட கையோடு பிரசவம் பார்க்க வந்த வைத்தியர்களே நஞ்சைக் கொண்டுவந்தனர் என்பது செம்மல்வைசுக்கு விளங்கியது. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே ஒவ்வொருவரும் கைகழுவ வேண்டும் என்று அவ்வாண்டு மே மாதத்தில் அவர் விதித்தார். ஏப்ரல் மாதத்திலே நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூன் மாதத்திலே நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கை கழுவப்பட்டது, அவ்வளவே. ஆனால், தம் கையே நோயைப் பரப்பியது என்பதை ஒப்புக்கொள்ளப் பல வைத்தியருக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னது உலகம் முழுதும் ஏற்கப்படுவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

நாம் தேநீர்க் கடையிலே கோப்பை கழுவப்பட்டதா என்று பார்க்கின்றோம். ஆனால், வைத்தியரின் அறையிலே தண்ணீர்க் குழாயும் சவர்க்காரமும் உண்டா, ஒரு நோயாளரைத் தொட்ட பின்னர் மற்றவரைத் தொடுவதற்கு முன் கை சுத்தமாக்கப்படுகின்றதா என்று பார்ப்பதில்லை. பார்ப்பது மரியாதைக்குறைவு என்று எண்ணுகின்றோம். கொவிட் தொற்றுக் காலத்திலே எல்லார் வீட்டு வாசலிலும் தண்ணீர் வாளி வைக்கக் கற்ற நாம், அந்தப் பாடத்தை இவ்வளவு விரைவில் மறத்தல் தகாது.

இரண்டாவது, ஊசி. 2019ஆம் ஆண்டிலே பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலே ரத்தோதேரோ என்னும் ஊரிற் சிறுபிள்ளைகள் பலருக்கு விடாத காய்ச்சல் கண்டது. சோதித்துப் பார்த்தபோது, எயிட்சு நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரசு அவர்களது குருதியிலே காணப்பட்டது. பிள்ளைகளின் பெற்றோருள் மிகப் பலருக்கு அந்த நோய் இல்லை. பாதிக்கப்பட்டோரின் தொகை நூற்றுக்கணக்காக உயர்ந்தது. ஆராய்ந்தவர்கள், ஊரின் சிறிய வைத்திய நிலையங்களிலே ஒருமுறை பாவித்த ஊசிகளும் பீச்சாங்குழல்களும் மீண்டும் பாவிக்கப்பட்டதையே முக்கியமான காரணமாகக் கண்டனர். 2014ஆம் ஆண்டிலே கம்போடியாவின் ரொக்கா என்னும் கிராமத்திலும் இவ்வாறே 200க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அங்கே ஊசி போட்டவர் உரிமம் பெறாத வைத்தியர். ஆயினும் கிராமத்தவர் அவரிடம் மிகுந்த நம்பிக்கை வைத்திருந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உற்றுநோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே போடப்பட்ட ஊசிகளுட் பல தேவையற்றவை. குளிசையாற் குணமாகும் நோய்க்கும் ஊசியை விரும்பிக் கேட்கும் மக்கள் எங்கும் உளர். ஊசி போடாத வைத்தியரைக் கெட்டித்தனம் இல்லாதவர் என்று கருதுவோரும் உளர். தேவையற்ற ஊசியைத் தவிர்ப்பதே பாதுகாப்பான ஊசிமுறையின் முதற்படி. தேவைப்படும் ஊசியாயின், உறை பிரிக்கப்படாத புதிய ஊசி உங்கள் கண்முன்னே பிரிக்கப்படல் வேண்டும். பாவித்தபின் அது கடினமான பெட்டியிலே போடப்படல் வேண்டும். அன்றியும், பெனிசிலின் போன்ற மருந்துகள் சிலருடைய உடம்புக்கு ஒவ்வாமல், சில நிமிடங்களிலேயே மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் தடுத்துவிடுதல் கூடும். ஆதலால், ஊசி போடும் இடம் எத்துணைச் சிறிதாயினும் அங்கே அட்ரினலின் மருந்து ஆயத்தமாக இருத்தல் வேண்டும். "முன்பு ஏதேனும் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமற் போனதுண்டா?" என்னும் கேள்வியும் ஊசிக்கு முன்னே வரல் வேண்டும்.

மூன்றாவது, மருந்தின் பெயர். இதனைச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன். நம் நாட்டிலே அதிகம் கவனிக்கப்படாத குறை இதுவே.

நமது அயல் வைத்தியர் பலர் நோயைப் பார்ப்பதோடு மருந்தையும் தாமே கொடுக்கின்றனர். சிறிய கடதாசி உறைகளிலே குளிசைகளும், போத்தலிலே கலவை மருந்தும் நம் கைக்கு வருகின்றன. உறையின்மேலே ஒரு நாளைக்கு எத்தனை முறை என்பதைக் காட்டும் எண்கள் மாத்திரம் எழுதப்பட்டிருக்கும். மருந்தின் பெயர் இராது, அளவு இராது, நோயாளரின் பெயரும் திகதியும் இரா. வெள்ளைக் குளிசை, மஞ்சட் குளிசை, சிவப்புக் குளிசை என்று நிறத்தினாலேயே அவற்றை நாம் அறிகின்றோம்.

இதனால் என்ன கேடு வந்துவிடும் என்று கேட்கலாம். டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 186,000 பேர் வரையில் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். உயிரிழந்தோரும் நூற்றுக்கணக்கினர். இந்நோயிலே குருதிச் சிறுதட்டுகள் குறைகின்றன. குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசிகின்றது. காய்ச்சல் கடுமையாக இருக்கும் நாளிலும் பார்க்க, காய்ச்சல் இறங்கும் நாளே இதிலே பெரிதும் அஞ்சத்தக்கது. பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டது என்று பெற்றோர் ஆறுதலடையும் வேளையிலேதான் கசிவு தொடங்கும். அதன்பின் வரும் 24 முதல் 48 மணித்தியாலங்களே உயிருக்கு இடரான காலம். இந்நோயிலே காய்ச்சலுக்குக் கொடுக்கத்தக்கது பரசிற்றமோல். அதுவும் பிள்ளையின் நிறைக்கேற்ற அளவிலே. அஸ்பிரின், இபுபுரோபன், டிக்ளோபெனக் என்னும் மருந்துகள் காய்ச்சலை விரைவாக இறக்கினும், வயிற்றிலே குருதி கசியச் செய்து உயிருக்கே உலை வைக்கவும் கூடும்.

இப்போது அந்தத் தாயை மீண்டும் எண்ணிப் பாருங்கள். நாலாம் நாளிலே பிள்ளை சோர்ந்து விழுகின்றது. அரசாங்க வைத்தியசாலைக்கு ஓடுகின்றாள். விடுதி வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்பது. அவள் மடியிலிருந்து பெயரற்ற மூன்று உறைகளை எடுத்து நீட்டுகின்றாள். அந்த வெள்ளைக் குளிசை பரசிற்றமோலா, டிக்ளோபெனக்கா? பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. கொடுத்த வைத்தியர் நல்ல மருந்தையே கொடுத்திருக்கலாம். ஆயினும் ஒருவரி எழுத்து இல்லாமையாலே, உயிரைக் காக்கவேண்டிய நேரம் ஊகத்திலே கழிகின்றது. அறியாத இன்னொரு கை அதே மருந்தை இரண்டாம் முறை கொடுத்துவிடவும் கூடும்.

முதியோர் நிலையும் இதுவே. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்கக் கிளினிக்கிலே ஒரு குளிசை பெறுகின்றனர். இடையிலே உடம்பு சரியில்லையென்று அயல் வைத்தியரிடம் இன்னொரு குளிசை பெறுகின்றனர். இரண்டும் வெவ்வேறு நிறம். ஆனால் ஒரே மருந்து. இரட்டிப்பாக உட்கொண்டு, இரத்தத்திலே சீனி மிகக் குறைந்து, விடியற்காலையிலே மயங்கிக் கிடப்பவரை வீட்டார் பாரிசவாதம் என்று எண்ணி அழுவதும் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வழக்கமான குளிசை கிடையாமல் வேறு கம்பனியின் குளிசைகளைப் பலர் வாங்கினர். நிறத்தை நம்பியிருந்தோர் அப்போது பட்ட மயக்கம் கொஞ்சமன்று. நிறம் மாறும், வடிவம் மாறும், மருந்தின் பொதுப்பெயர் மாறாது.

மருந்தை அதன் பொதுப்பெயராலேயே வழங்கவேண்டும் என்னும் கொள்கையை உலகத்துக்கு எடுத்துக்காட்டியோருள் முன்வரிசையில் நிற்பவர் நம் நாட்டவரான பேராசிரியர் சேனக பிபிலே. 1971ஆம் ஆண்டிலே உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு வழிகாட்டியவர் அவர். வறிய நாட்டுக்கு ஏற்ற மருந்துக் கொள்கை எது என்பதை இலங்கையிலிருந்தே பிற நாடுகள் கற்றன. தமிழிலே எழுதுவது இயலாதென்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். செம்மல்வைஸ் வியன்னாவிலே கைகழுவச் சொன்ன அதே 1847ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர். அவர் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம் முதலாய நூல்களைத் தமிழிலே வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, உடற்கூற்றையும் அறுவை வைத்தியத்தையும் தாங்கி நிற்கும் மொழிக்கு, "காலையில் ஒன்று, சாப்பாட்டின் பின்" என்னும் ஒருவரி பாரமாகிவிடுமா?

நாலாவது, பதிவு. வந்தவர் யார், என்ன முறையிட்டார், என்ன காணப்பட்டது, என்ன கொடுக்கப்பட்டது, எப்போது மீண்டும் வரச் சொல்லப்பட்டது என்பவை எழுதப்படல் வேண்டும். இது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்ட காலந்தொட்டுத் தாய் சேய் நலத்திலே நாம் அடைந்த முன்னேற்றம் உலகம் மெச்சுவது. அதன் இரகசியங்களுள் ஒன்று, குடும்பநல மாதின் கையிலுள்ள பதிவேடு. பிள்ளையின் நிறையும் தடுப்பூசியும் எழுதப்பட்ட பதிவேட்டைத் தாய்மார் பொன்போற் பேணுகின்றனர். பிள்ளைக்குக் கிடைக்கும் இந்தக் காப்பு, பிள்ளையின் பாட்டனாருக்கும் கிடைத்தால் என்ன?

பதிவின் அருமையை அச்சந்தரும் முறையிலே உணர்த்திய வரலாறு இங்கிலாந்திலே நிகழ்ந்தது. ஹரோல்ட் சிப்மன் என்னும் குடும்ப வைத்தியர் தம் ஊரிலே பெரிதும் விரும்பப்பட்டவர். முதியோரை வீடு தேடிச் சென்று பார்ப்பவர். 2000ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே, தம் நோயாளர் பதினைவரை நஞ்சாகத்தக்க அளவு மருந்தினாற் கொன்ற குற்றத்துக்காக அவர் ஆயுட்சிறைத் தண்டனை பெற்றார். அவரால் உயிரிழந்தோர் 215 பேர் என்று 2002ஆம் ஆண்டிலே விசாரணை முடிவு கூறியது. இத்தகைய கொடியவர் கோடியில் ஒருவரே. நம் வைத்தியரை ஐயுறுவதற்காக இதை நான் சொல்லவில்லை. இதிலுள்ள பாடம் வேறு. மக்களின் அன்பு அந்த நோயாளரைக் காக்கவில்லை. ஒருவருடைய நோயாளர் இத்தனை பேர் ஏன் இறக்கின்றனர் என்று எவரேனும் ஒழுங்காக எண்ணிப் பார்த்திருந்தால், பல ஆண்டுகளுக்கு முன்பே உண்மை வெளிப்பட்டிருக்கும்.

அந்நாட்டிலே 2012ஆம் ஆண்டின் இறுதி முதல், வைத்தியர் தம் தகைமையைக் காலத்துக்குக் காலம் மீள உறுதிப்படுத்தும் முறை வந்தது. 2013ஆம் ஆண்டு முதல் குடும்ப வைத்தியரின் நிலையங்களும் பராமரிப்புத் தரத்தைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவின் பார்வைக்குள் வந்தன. அந்த ஆணைக்குழு ஐந்து கேள்விகளைக் கேட்டது. இங்கே நோயாளர் பாதுகாப்பாக இருக்கின்றனரா? கொடுக்கும் வைத்தியம் பயன் தருகின்றதா? அன்போடு நடத்தப்படுகின்றனரா? மக்களின் தேவைக்கேற்பச் சேவை அமைந்துள்ளதா? நிலையம் ஒழுங்காக நடத்தப்படுகின்றதா? கிடைத்த தரத்தை வருவோர் காணுமாறு வாசலிலே காட்டவேண்டும் என்பதும் விதியாயிற்று.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. வைத்தியர் மருத்துவப் பேரவையிலே பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்வதற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உண்டு. மருந்துகளை ஒழுங்குபடுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால், பதிவு என்பது கதவைத் திறப்பதற்கான உத்தரவு மாத்திரமே. கதவுக்கு உள்ளே நாள்தோறும் நடப்பதைக் காப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தை வளர்ப்பது வைத்தியர், நோயாளர் ஆகிய இருதிறத்தாரின் கடமை.

வைத்தியரின் நிலையையும் நாம் நினைத்தல் வேண்டும். அரசாங்க வைத்தியர் பலர், பகல் முழுதும் விடுதியிலே பணிசெய்து, மாலையிலே தம் சொந்த அறையிலே அமர்கின்றனர். வெளியே வாங்கு நிறைந்திருக்கின்றது. கேட்கவும் தொட்டுப் பார்க்கவும் எழுதவும் நேரம் போதவில்லை. கூட்டத்தை நாம் பெருமையாகப் பேசுகின்றோம். அந்தக் கூட்டமே தவறுகளின் தாயும் ஆகும். "இது என் அறையிலே பார்க்கத்தக்க நோயன்று; உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கும் வைத்தியரை நாம் கையாலாகாதவர் என்று எண்ணலாகாது. தம் எல்லையை அறிந்தவரே சிறந்த வைத்தியர். தவறு நேர்ந்தவிடத்து அதனை மறைக்காமல், மறுமுறை நேராதவாறு முறையை மாற்றுபவர் அவரினும் சிறந்தவர்.

நோயாளராகிய நாம் செய்யவேண்டியன யாவை? வைத்தியரிடம் போகும்போது, ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையிலே எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாத மருந்து உண்டானாற் கேளாமலே சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பதையும் சிறுநீரக நோய் இருப்பதையும் மறையாதீர்கள். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வற்புறுத்திக் கேளாதீர்கள். கொடுக்கப்பட்டாற் சொன்ன நாள்வரை உட்கொள்ளுங்கள். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945ஆம் ஆண்டிலே நோபெற் பரிசு பெற்ற உரையிலேயே, அளவு குறைந்த மருந்து கிருமிகளுக்கு எதிர்ப்பு வன்மையைக் கற்றுக்கொடுக்கும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை இன்று எங்கும் மெய்யாகிவிட்டது.

இறுதியாக, எழுந்து வருவதற்கு முன் நாலு கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். "ஐயா, இது என்ன நோய் என்று நினைக்கின்றீர்கள்? இந்த மருந்தின் பெயரை உறையிலே எழுதித் தருவீர்களா? எத்தனை நாளைக்கு, எப்படிக் கொடுக்கவேண்டும்? என்ன குணங்குறி கண்டால் உடனே ஓடிவர வேண்டும்?" பெண் வைத்தியராயின் "அம்மா" என்று தொடங்குங்கள், கேள்விகள் அவையே. இவற்றைக் கேட்பது அவமதிப்பன்று. தம் தொழிலிலே பற்றுள்ள எந்த வைத்தியரும் இவற்றை விரும்பியே விடை சொல்வார். சில நாள்களில், நீங்கள் கேளாமலே உறையிலே பெயர் எழுதப்பட்டிருக்கக் காண்பீர்கள்.

2019ஆம் ஆண்டு முதல் உலக சுகாதார நிறுவனம் செப்டெம்பர் 17ஆம் திகதியை நோயாளர் பாதுகாப்புத் தினமாகக் கொண்டாடி வருகின்றது. ஆண்டுக்கு ஒருநாள் போதாது. கழுவிய கை, புதிய ஊசி, பெயரெழுதிய உறை, எழுதிவைத்த பதிவு ஆகிய இந்நான்குக்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெளிநாட்டு இயந்திரமும் வேண்டியதில்லை. கேட்கும் நாவும் செய்யும் மனமும் இருந்தாற் போதும். கைராசியுள்ள வைத்தியர் நமக்கு வாய்ப்பது நம் பாக்கியம். கைச்சுத்தமுள்ள வைத்தியரைப் பெறுவது நம் உரிமை.